மேல்தோட்டத்துக் காய்

வியாபாரியின் கடையில் அந்த ஏலக்காய் மூட்டையைப் பிரித்தபோது அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், நான் இருந்தேன். எங்களுக்கு மேலே குத்தகைக்குத் தோட்டம் வைத்திருந்த மேல்தோட்டத்து அண்ணன் இல்லை. அவரைப் புதைத்த மண்ணில் புல் முளைத்திருந்தது.

வெளிநாட்டுக்குப் போகவேண்டிய மூட்டை அது. பூச்சிமருந்து இருக்கிறது என்று சோதனையில் தள்ளிவிட்டார்கள். முன்பெல்லாம் போடி ஏலக்காய்ச் சந்தையில் பல தோட்டத்துக் காயை ஒன்றாகக் கொட்டிச் சலித்துவிடுவார்கள். குவியலில் விழுந்த காய்க்கு அப்பன் ஆத்தா கிடையாது. வீட்டில் முதலில் காலேஜ் முடித்தவன் நான்தான். மூட்டைக்கு மூட்டை தோட்டத்து அடையாளச் சீட்டு கட்டினால் கூடுதல் விலை என்று சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அதனால்தான் மூட்டை நேராக எங்களைத் தேடி வந்தது.

வியாபாரி மருந்தின் பெயரைச் சொல்லி, அதை அடித்தீர்களா என்று கேட்டார். அப்பா அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. கடையை விட்டு இறங்கும்போது அம்மாதான் மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம காலித் தட்டுல மேல்தோட்டத்துக் காயுந்தானே காஞ்சது."

எங்கள் மலையில் காய் உலர்த்தும் ஸ்டோரில் தட்டைக் காலியாக விட்டு அடுப்பு மூட்டமாட்டார்கள். விறகு வீணாகும். பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு நிரப்பச் சொல்வோம். காய்ந்தபின் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, அவரவர் பங்கை எடைபோட்டு அள்ளிக்கொள்வோம். எது யார் காய் என்று நானும் கேட்டதில்லை, சீட்டுக் கட்டிய பிறகும்.

அந்தத் தடவை விலை ஏறியிருந்தது. அண்ணன் மருந்தடித்த ஈரம் காயும் முன்னே காயெடுத்துக் கொண்டுவந்தார். தட்டில் பரப்ப நான் கைகொடுத்தபோது, "காலேஜு படிச்ச கை தொட்டா காயி இங்கிலீசு பேசுமா தம்பி?" என்று சிரித்தார். மறுநாளே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மருந்து என்று திரும்பத் திரும்பக் கேட்க, அவர் மனைவி, என் மதினி, பெயர் தெரியாமல் விழித்தாள். கடையில் பெரிய கேனிலிருந்து தண்ணிபாட்டிலில் ஊற்றி வாங்கிய மருந்து. பாட்டிலில் லேபிள் இல்லை, பெயர் இல்லை. அவர் திரும்பி வரவில்லை.

டாக்டருக்குக் கிடைக்காத பெயரை இப்போது காய் சொல்லிவிட்டது. அதன்பிறகு ஸ்டோர் கதவைத் திறந்தால் அந்த வாசனையோடு அவரும் உள்ளே நிற்கிற மாதிரி இருந்தது. தட்டில் கை வைக்கவே கூசியது.

மதினி வீட்டில் அந்த வருசத்துக் காய் முழுவதும் விற்காமல் கிடந்தது. அதை விற்றால்தான் தோட்டத்துக் குத்தகை நிற்கும். உண்மையைச் சொன்னால் ஒரு வியாபாரியும் அதைத் தொடமாட்டான். சொல்லாவிட்டால் பழி எங்கள் தோட்டத்தின் மேல்.

"செத்தவன் காயின்னு சொல்லிராதடா, அவ பிழைக்கணும்" என்றார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஜீப்பில் ஏறிப்போய் மதினியிடமே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. மருந்தின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தாள்.

"டாக்டரு கேட்டப்ப என் வாயில பதில் இல்ல தம்பி. இன்னைக்கு இருக்கு. அவர் காயின்னே எழுதிக்குடு."

உன் காய் விலைபோகாதே மதினி என்றேன்.

"போயி எவ பெத்த பிள்ளை டீயில போட்டுக் குடிக்கிறதுக்கு?"

வியாபாரியிடம் அப்படியே எழுதிக்கொடுத்தேன். அவள் மூட்டைகளையும் சோதித்தார்கள். அதே மருந்துதான். அப்பாவும் மதினியும் நானும் மேல்தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டினோம். எங்கள் மூட்டையையும் மதினி காயையும் கொட்டும்போது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினி கடைசிச் சாக்கையும் உதறிவிட்டுத்தான் நகர்ந்தாள். குத்தகை அந்த மாதமே கைமாறியது.

அன்றைய விலைக்கு, குழிக்குள் போன இரண்டு வீட்டுக் காயும் சேர்த்து இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரம் ரூபாய்.