பிக்கப்புக்கு ஒரு படுதா

1. நனைந்த பலகாரம்

காரைக்குடியில் ஒரு வாடகை வண்டி ஆபீசில் நான் மேனேஜராகச் சேர்ந்த வாரமே, ஒரு கல்யாண வீட்டுப் பலகாரம் முழுக்க மழையில் நனைந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆபீசில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. வாடிக்கையாளர் வந்தால் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றபடியே நிர்வாகம் செய்வேன். என் நிர்வாகத்துக்கு உட்பட்டவை இரண்டு: ஒரு ஜீப் பிக்கப், அதன் டிரைவர் ஆரோக்கியசாமி. இதில் ஆரோக்கியசாமி தன்னை எவருடைய நிர்வாகத்துக்கும் உட்பட்டவராகக் கருதியதில்லை.

பிக்கப் ராணுவ ஏலத்தில் எடுத்தது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. தொட்டிக்குக் கூரை கிடையாது. முதலாளி தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பத்துக்காரர். மழை பெய்தால் சந்தோஷப்பட்டே பழகியவர். மழை சிலருக்கு ஆகாது என்பது அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

பெண்ணைப் பெற்றவர் நனைந்த அதிரசக் கூடையோடு நேரே ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கூடையை என் மேஜைமேல் வைத்தார்.

"சம்பந்தி வீட்டுல இதை நான் எந்த முகத்தோட வைக்கிறது? நீங்களே வந்து வச்சிருங்க."

அவர் போன பிறகு முதலாளி கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வண்டிக்கு மூடி ஒன்று பார்க்கச் சொன்னார்.

2. மூன்று கட்சிகள்

வண்டிக்கு என்ன மூடி போடுவது என்பதில் ஆபீஸ் மூன்று கட்சியாகப் பிரிந்தது. முதலாளி தகரக் கட்சி. தகரம் போட்டால் பேரன் காலம் வரைக்கும் நிற்கும் என்றார். வண்டி அதுவரை நிற்குமா என்று யாரும் கேட்கவில்லை. ஆரோக்கியசாமி சிவப்புக் கட்சி. சிவப்பு கேன்வாஸ், ஓரத்தில் மஞ்சள் குஞ்சம், பின்னால் பெரிதாக வேளாங்கண்ணி மாதா. "தூரத்துல வரும்போதே ஊருக்குத் தெரியணும் மேனேஜரே. என்னத்துக்கு வண்டி ஓட்டுறோம்?" என்பது அவருடைய வாதம்.

நான் படித்தவன். நகராட்சி நூலகத்தில் யாரும் தொடாத புத்தகங்களை எல்லாம் தொட்டவன். எனவே விஷயத்தை அறிவோடு அணுக முடிவு செய்து மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

படுதாக் கடைக்காரர் இரண்டு தினுசு காட்டினார். ஒன்று, இரும்பு வளைவுகளின் மேல் போர்த்தி, பின்பக்கம் திரைபோல் தனியாகத் தூக்கிக்கொள்வது; அதற்குத் தோல்வார் பூட்டும் உண்டு. மற்றது, மெழுகு ஏற்றிய கனத்த பச்சைத் துணி, ஒரே துண்டு, சுற்றிலும் பித்தளை வளையங்கள், வளையத்துக்கு வளையம் கயிறு. கடைக்காரர் அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

வாசல் இருக்கிற இடத்தில்தான் மழை நுழையும் என்று நான் ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். பச்சையையும், அதைத் தாங்க இரும்பு வளைவுகளையும் எடுத்துவிட்டேன். ஊருக்குக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தபோது, முதலாளி விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "தகரம் மாதிரியே இருக்கு" என்று பாராட்டினார். ஆரோக்கியசாமி நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை.

3. ஆச்சி வந்தது

அந்தப் படுதாவை மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உமையாள் ஆச்சி வந்தார். ஒக்கூர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதைப் போட்டா உள்ள இருக்கிறது வெளிய தெரியாதே."

அதுதான் இதன் விசேஷம் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப இது வேண்டாம். தொறந்தே வாங்க."

விஷயத்தை நின்றுகொண்டே சொன்னார். கல்யாணமான மறுவருஷம் கணவர் பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போனவர். அந்தப் பக்கத்தில் கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போவதை அப்படித்தான் சொல்வார்கள். போய் ஒன்பது வருஷம். இடையில் ஒரு தடவைகூட வரவில்லை. கடையில் இன்றைக்கு ஆள் இல்லை, நாளைக்குக் கணக்கு முடியவில்லை என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். ஊர் தன் பங்குக்கு ஒரு காரணம் வைத்திருந்தது. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறதாம். யாரும் ஆச்சியின் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. விசாரிப்பதோடு சரி.

"ஒவ்வொரு தைக்கும், 'என்ன உமையா, இந்த வருஷமாச்சும் வாராகளா'ன்னு கேட்டுட்டு, என் பதிலுக்குக்கூட நிக்க மாட்டாக. சாவுத் துட்டி கேக்க வந்த மாதிரி கையைப் பிடிச்சிட்டுப் போவாக."

இப்போது கடையை முடித்துக்கொண்டு வருகிறார். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்குகிறார். அவரையும் சாமானையும் ஒக்கூர் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சாமான் எப்படி வந்தாலும் சரி, அவர் முன்னால் உட்கார்ந்து வர வேண்டும், தெரு பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆச்சிக்கு.

"டிரைவருக்கு அங்குட்டு உக்காந்தா எங்க வாசப்பக்கம் முகம் தெரியுமா?"

தெரியும் என்றேன். வாய்வார்த்தை போதவில்லை. என்னை இடதுபக்கம் ஏறி உட்காரச் சொன்னார். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு பார்த்தார்.

"கொஞ்சம் இங்குட்டுத் திரும்புங்க தம்பி."

திரும்பினேன்.

"சிரிங்க."

சிரித்தேன். என்னைச் சிரிக்கச் சொன்ன பெண்கள் அதற்கு முன்பும் பின்பும் குறைவு. ஆச்சி பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் ஒன்று குறுக்கே போனது. அது போன பிறகும் அதே இடத்தில் நின்று பார்த்தார். அதுவரை என்னை எவரும் அப்படிப் பார்த்ததில்லை. அவர் பார்த்தது என்னை இல்லை என்பது வேறு விஷயம்.

"போதும். எறங்கிக்கங்க" என்றார்.

4. நாகப்பட்டினத்தில்

ஆச்சி சொன்னார் என்பதற்காக நான் படுதாவைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. சுருட்டிக் கூடவே எடுத்துக்கொண்டேன். ஐப்பசி மாதத்து வானத்தை நம்புகிற அளவுக்கு நான் பக்திமான் இல்லை.

ஆச்சியின் கணவர் வயிரவன் செட்டியாரை ஆரோக்கியசாமிதான் முதலில் கண்டுபிடித்தார். கப்பலிலிருந்து படகில் கரையேறியவர்களில் மிகவும் மெலிந்தவர், கடல் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்தவர் அவர்தான். தகரப் பெட்டிகள் மூன்று, ஒரு மெத்தை. எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஆளை விட்டு வண்டி பேசுனாளா, அவளே வந்தாளா?"

ஆச்சியே வந்தார் என்றேன்.

பெட்டிகளை ஏற்றும்போது, "அவளேவா வந்தா?" என்று மறுபடியும் கேட்டார். டீக்கடையில் இன்னொரு தடவை. எதிர்ப்பக்கம் நின்று என்னைப் பார்த்த கதையைச் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். எந்த இடத்தில் நின்றாள், என்ன நிறத்துச் சேலை, பஸ் போன பிறகும் நின்றாளா? சேலை நிறம் எனக்கு ஞாபகமில்லை. அந்த விஷயத்தில் அவர் என்னைக் கடைசி வரை மன்னித்ததாகத் தெரியவில்லை.

முன்சீட்டில் கொஞ்ச தூரம் வந்தார். தலை சுற்றியது. நின்று நின்று வாந்தி எடுத்தார். பின்னால் மெத்தையை விரித்தால் படுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ஊர் எல்லையில எழுப்பிவிடுங்க தம்பி. முகத்தைக் கழுவிக்கிட்டு முன்னால உக்காந்துக்கிறேன். அவ சொன்ன பக்கம்."

பெட்டிகளுக்கு நடுவே மெத்தை விரித்தோம். படுத்ததும் தூங்கிவிட்டார். பட்டுக்கோட்டை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வளைவுகளின் மேல் பச்சைப் படுதாவைப் போர்த்தி, கேபின் பக்கம் காற்றுக்குக் கொஞ்சம் விட்டு, மீதியெல்லாம் வளையம் வளையமாக இழுத்துக் கட்டினேன். முதல் மழையிலேயே என் தத்துவம் வென்றது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

5. ஒக்கூர்த் தெரு

ஒக்கூர் எல்லைக்கு வந்தபோது மழை விட்டு நன்றாக விடிந்திருந்தது. செட்டியாரை எழுப்ப இறங்கினோம். கயிறு நனைந்து ஊறி, முடிச்செல்லாம் கல்லாகிவிட்டது. நான் நகத்தால் பார்த்தேன், ஆரோக்கியசாமி பல்லால் பார்த்தார். ஹாரன் அடித்தோம், தட்டினோம், கூப்பிட்டோம். உள்ளே பல நாள் கடலில் உறங்காதவரின் உறக்கம். சீரான மூச்சு மட்டும் கேட்டது.

"வீட்டுல அருவாமனை இருக்கும், அங்கன போயி அறுத்துக்குவோம்" என்றார் ஆரோக்கியசாமி. வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

தெரு முழுக்கச் சேறு. வண்டி ஊர்ந்தது. ஆரோக்கியசாமி நனைந்த தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். நான் செட்டியார் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் முகம் இயல்பிலேயே எழவு சொல்ல வந்தவன் முகம். ராத்திரி முழுக்கக் கண் விழித்ததில் அது இன்னும் எடுப்பாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் பிணம் வருவது எப்படி என்று எனக்கும் தெரியும். மூடிக் கட்டிய வண்டி, மெதுவாக வரும். முன்னால் முன்பின் தெரியாத ஒருவன் உட்கார்ந்திருப்பான். எனக்கு அது தோன்றவில்லை. தெருவுக்குத் தோன்றிவிட்டது.

முதல் குரல் எதிர்வீட்டுப் பெரியாச்சியுடையது. "ஐயோ உமையா, மூடிக் கொண்டாந்துட்டாகளே" என்று அவர் தொடங்கியதும், ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு குரல் சேர்ந்துகொண்டது. ஒன்பது வருஷமாகத் தவணை தவணையாக விசாரித்த துக்கத்தை மொத்தமாக அழுதார்கள்.

உமையாள் ஆச்சி ஆலத்தித் தட்டோடு வாசற்படியில் நின்றார். அரக்குப் பட்டு. இந்தத் தடவை நிறத்தைக் கவனித்துவிட்டேன். அவர் கண் நேராக இடதுபக்கம் வந்து என் முகத்தில் நின்றது. இம்முறை அவர் பார்த்தது என்னைத்தான். அந்தப் பார்வையை நான் யாருக்கும் விவரித்ததில்லை, இப்போதும் முடியாது.

நான் குதித்து இறங்கி, "உள்ள இருக்காக, உள்ள இருக்காக" என்றேன். அழுகை இரண்டு மடங்காயிற்று.

ஆச்சி அழவில்லை. தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, சேற்றில் இறங்கி, வண்டியின் பின்பக்கம் வந்தார். ஒரு முடிச்சைப் பிடித்தார். அது அசையவில்லை. அடுத்ததைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மூன்றாவது முடிச்சில் அவர் கை இருந்தபோது, படுதாவுக்குள்ளிருந்து தூக்கம் கலையாத ஒரு குரல் கேட்டது.

"ஊர் வந்துருச்சா?"

கை நின்றது. தெரு அழுதுகொண்டிருந்ததால் ஆச்சிக்கும் எனக்கும் ஆரோக்கியசாமிக்கும் மட்டும்தான் கேட்டது. ஆச்சி துணிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"வந்துருச்சு."

உள்ளே மெத்தை சரசரத்தது.

"நீயா?"

"நாந்தேன்."

"ரொம்ப நேரமா நிக்கிறியா?"

ஆச்சி அந்தப் பச்சைத் துணியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இல்ல, இப்பத்தான்" என்றார்.

அரிவாள்மனை வந்தது. ஆரோக்கியசாமி கயிற்றோடு துணியையும் சேர்த்துக் கிழித்தார். சிவப்பாக இருந்திருந்தால் கொஞ்சம் பார்த்து அறுத்திருப்பார். செட்டியார் தலை கலைந்து வெளியே எட்டிப் பார்த்தார். பெரியாச்சி ஒப்பாரியை நிறுத்தாமல், அதே ராகத்தில் எங்கள் இருவரையும் ஏசத் தொடங்கினார். ஏசி முடித்து எங்களுக்குப் பணியாரமும் அவர்தான் வைத்தார்.

6. இளைஞர்களுக்கு

கிழிந்த படுதாவை மதுரைக்கே கொண்டுபோய், பின்பக்கம் திரைபோல் தூக்கிக்கொள்ளும்படி தைத்து வாங்கினேன். உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்றேன். உள்ளே இருந்து யார் திறக்கப் போகிறார்கள் என்று கடைக்காரர் கேட்டார். கூலியை எடுத்து வைத்தேன். அதன் பிறகு மழை வந்தால் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்தது. பெட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டோம்.

வண்டிக்கு மூடி வாங்குகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். மழைக்கு எது நல்லது, வெயிலுக்கு எது நல்லது என்கிறார்கள். அதெல்லாம் கடைக்காரனே சொல்வான். வண்டி போய் நிற்கும் இடத்தில் யார் நிற்பார்கள், அவர்கள் கைக்கு அது திறக்குமா என்று பார்த்து வாங்குங்கள் என்கிறேன். கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு போய், வேண்டியதை வாங்கிக்கொள்கிறார்கள்.

எனக்கும் பிறகு கல்யாணமாயிற்று. நல்ல மனுஷி. பஸ் அரை மணி தாமதமானால் முப்பது நிமிஷத்துக்கும் என்னிடம் கணக்குக் கேட்பாள். கேட்கட்டும், நியாயம்தான். ஆனாலும் சில நாள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டைப் பார்த்து நடக்கும்போது, ரொம்ப நேரமா நிக்கிறியா என்று கேட்கலாமா என்று தோன்றும். வாசல்வரை அந்தக் கேள்வி நாக்கிலேயே இருக்கும். உள்ளே போனதும், குடிக்கத் தண்ணீர் கேட்டுவிடுவேன்.