பூஜையில் இருந்த இன்சூரன்ஸ்

போன வருடம் சரஸ்வதி பூஜையன்று காலை, மட்டாஞ்சேரியில் நடந்தது இது. தென்காசிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி இந்த மலையாள ஊருக்கு வந்து, இட்லி, ஆப்ப மாவு அரைத்து விற்கிறேன். அன்று கும்பளங்கியில் ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்கு ஆப்ப மாவு கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். இரண்டு தூக்குப் பாத்திரங்களை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டும்போது போலீஸ் கை காட்டியது. சப்-இன்ஸ்பெக்டர் வண்டி நம்பரைக் கருவியில் தட்டிப் பார்த்தார்.

"இன்சூரன்ஸ் இன்னலே தீர்ந்நல்லோ சேச்சி. பேப்பர் எவிடே?"

நேற்றே முடிந்துவிட்டதாம்! போனில் நினைவூட்டல் வந்தது உண்மைதான். ஆனால் வண்டிப் பேப்பர் எல்லாம் புத்தகங்களோடு பூஜையில் இருந்தது. விஜயதசமி வரை அதைத் தொடக் கூடாது, எடுத்ததும் புதுப்பிக்கலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் விட்டுவிட்டோம்.

"பேப்பர் பூஜைக்கு வெச்சிருக்கு சாரே. நாளைக்குத்தான் எடுக்கணும்."

அவர் என்னையும் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ வண்டியோ? அது பூஜைக்கு வெச்சில்லே?"

பக்கத்திலிருந்த ஆட்டோக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கோ அழுகை முட்டியது. வண்டியைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் ஆர்டரும் போச்சு, பிழைப்பும் போச்சு. அந்த நேரம் பார்த்து வெயிலில் மாவு பொங்கி, ஒரு பாத்திரத்தின் மூடியைத் தூக்கியது. நான் பதறி அதை அமுக்க, அவரும் ஒரு கை கொடுத்து அமுக்கினார். காக்கிச் சட்டைக் கையெல்லாம் மாவு!

தொலைந்தேன் என்றுதான் நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "போன் பூஜைக்கு வெச்சிட்டில்லல்லோ?" என்றார்.

அங்கேயே நின்று போனில் புதுப்பித்தேன். நடு இரவிலிருந்துதான் அது செல்லும் என்று வந்தது. "இன்னிக்கு ஒருநாள் விட்டுடுங்க சாரே" என்று கெஞ்சினேன். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை.

"வழியில் ஆரெயெங்கிலும் இடிச்சால் ஆரு சமாதானம் பறயும்?"

யாரையாவது இடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? ஆனால் அவர் அபராதம் போடவில்லை, வண்டியைப் பிடிக்கவும் இல்லை. ஸ்டாண்டில் நிழலாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். சிரித்த ஆட்டோக்காரர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, மாவோடு என்னையும் ஏற்றி அனுப்பினார். கும்பளங்கி போனபோது அந்த வீட்டு அடுப்பில் ஆப்பச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் வண்டியை எடுக்கப் போனேன். ஸ்டாண்டில் ஆட்டோக்களுக்குப் பூஜை முடிந்திருந்தது. வரிசையின் கடைசியில் என் ஸ்கூட்டரும் சந்தனப் பொட்டும் செத்திப்பூவுமாக நின்றது.

"எஸ்.ஐ. சார் பறஞ்ஞதா, சேச்சியுடெ வண்டியும் கூட்டிக்கோளான்" என்றார் என்னை ஏற்றிப்போன ஆட்டோ சேட்டன். என் வண்டியையும் பூஜையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாராம்.

அங்கேயே நின்று அழுதுவிட்டேன். இப்போது பூஜை வைக்கும் முன் எல்லாத் தேதியையும் பார்த்துவிடுகிறேன். அன்று அவர் என்னை அப்படியே போகவிட்டிருந்தால் தப்பித்தோம் என்று மறந்திருப்பேன். தடுத்துவிட்டு உதவினாரே, அதனால்தான் இன்றும் சாவியைத் திருகும்போதெல்லாம் ரோட்டில் எதிரே வருகிறவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன்.