நாறினால் எலும்பு, நாறாவிட்டால் கல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபத்துநாலு வயதில் இன்னும் நீளம். ஆவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அறிவியல் படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, மீமிசலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பெண்கள் பள்ளிக்கு டீச்சராகப் போயிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. அதற்கு முன் கடலைக் கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் கடலைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

அந்தப் பள்ளியில் அறிவியல் என்றால் ஒரு கரும்பலகைதான். பூவின் பாகமும் அதில்தான், தவளையின் இதயமும் அதில்தான். கட்டடத்தின் கோடியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதை அறிவியலுக்குக் கொடுங்கள் என்று தாளாளரிடம் கேட்டேன். அவர் உள்ளூர்க்காரர், கருவாட்டு மொத்த வியாபாரி. பள்ளிக் கட்டடமே அவர் கட்டிக்கொடுத்ததுதான்.

“ரூம் குடுத்தா அதுல வச்சுக் காட்ட ஒங்ககிட்ட என்னம்மா இருக்கு? தையல் மெசினுக்குச் சொல்லி வச்சிருக்கேன். புள்ளைங்களுக்கு ஒரு கைத்தொழிலாச்சு” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “வச்சுக் காட்டுறேங்கய்யா. கொஞ்சம் டைம் குடுங்க.”

“சரி, நோம்புப் பெருநாள் கழிச்சு வாரேன். காட்டுங்க, பாப்போம். இல்லேன்னா மெசினு வந்து எறங்கிரும்.”

வாயை விட்டுவிட்டு வந்தாயிற்று. எதைக் காட்டுவது? எட்டாம் வகுப்புப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமைகளில் கடல் வற்றும் நேரமாகப் பார்த்துக் கரைக்குப் போனேன். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த உயிர்கள் கல்லாகிக் கிடைக்கும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். படத்தில் பார்த்ததோடு சரி, கையில் தொட்டதில்லை. ஆனால் கல்லான எலும்பைக் கண்டுபிடிக்க வகுப்பில் சொன்ன மூன்று சோதனைகள் மனப்பாடம். அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். நாக்கில் வைத்தால் ஒட்ட வேண்டும். தீயில் காட்டினால் நாறக் கூடாது. புது எலும்பு என்றால் முடி கருகுகிற மாதிரி நாறும். கல்லாகிப்போனதில் கருக என்ன இருக்கிறது?

பெண்கள் கண்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

“டீச்சர், இது?”

“ஓடு.”

“இது டீச்சர்?”

“செங்கல். தூக்கிப் போடு அங்கிட்டு.”

இப்படி மூன்று சனிக்கிழமைகள் செங்கல்லும் ஓடுமாகப் போயின. அப்புறம் ஒருநாள் சேற்றுக்குள் என் காலே ஒன்றில் இடறியது. முழங்கை நீளம், அரிவாள் மாதிரி வளைவு, கருத்த பழுப்பு நிறம். தூக்கினேன். அப்பாடி! அம்மிக் குழவியைத் தூக்கின கனம். எலும்பு எங்கேயாவது இப்படிக் கனக்குமா? அந்த இடத்திலேயே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை முன்னாலேயே அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். “கருமம், கருமம்! எங்க கெடந்ததோ, அதப் போயி நக்குறீங்களே!” என்று அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உப்புக் கரித்தது. ஒட்டவில்லை. அதனாலென்ன? ஒரு துவாரம்கூட இல்லாமல் முழுக்கக் கல்லாகிவிட்டது, அதனால்தான் ஒட்டவில்லை என்றேன். ஒட்டியிருந்தால் ஒட்டியதையும் சாட்சியாக வைத்திருப்பேன். என்னோடு அன்றைக்கு வாதாடி யார் ஜெயிக்க முடியும்!

“தீயிலயும் காட்டிப் பாத்துருவோமே” என்றார் தலைமையாசிரியை.

“அது தாளாளர் முன்னாடிதாங்க. அதுதானே வேடிக்கையே.”

இன்னொரு சாட்சியும் என்னிடம் இருந்தது. பெண்களில் பாதிப் பேர் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்திக்கும் அது என்ன எலும்பு என்று தெரியவில்லை. கடலோடு பிறந்தவர்களுக்கே தெரியாதது இந்தக் காலத்து எலும்பாக இருக்க முடியாது என்று தீர்த்துவிட்டேன்.

பெருநாள் முடிந்து தாளாளர் வந்தார். எட்டாம் வகுப்பில் மேசையைப் போட்டுக் கரியடுப்பு மூட்டி வைத்திருந்தேன். சோதனைகளை விளக்கினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எலும்பின் நுனியில் உடைத்த சில்லு ஒன்றை இடுக்கியில் பிடித்துக் கங்கின் மேல் வைத்தேன்.

நாறியது. கொஞ்சநஞ்சமா? ஒரு தலை முடியையே முழுசாகக் கொளுத்தின மாதிரி நாறியது. முதல் வரிசை தாவணியால் மூக்கை மூடிக்கொண்டது. எனக்குக் காது வரை சூடேறியது.

தாளாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே எழுந்து வந்து எலும்பைத் தூக்கிப் பார்த்தார். “அட, இது ஆவுளியாவோட வெலா எலும்புல்ல! கடல் பசும்மா. அதுக்கு எலும்பு கல்லு மாதிரிதான் இருக்கும். சின்னப் புள்ளையில கரையில அறுத்துப் பங்கு போடுறதப் பாத்திருக்கேன்.”

நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். “ஏண்டி, ஒங்க வீட்டுல ஆவுளியா திங்கிறதில்லையா?”

“திங்கிறோம் டீச்சர்” என்றாள் ஒருத்தி. “அத்தா ஓலைக் கொட்டான்ல கறிதானே கொண்டாருவாங்க. அறுக்குறதெல்லாம் ஆம்பளைங்க கரையிலயே முடிச்சிருவாங்க. நாங்க எலும்ப எங்கிட்டுக் கண்டோம்?”

அவள் சொன்னது நியாயம்தான். எலும்பைக் கரை மணலிலேயே போட்டுவிட்டுக் கறியை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் பெண்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

“தோத்துட்டேங்கய்யா” என்றேன். “இது புது எலும்பு. சோதனை சொன்னாச் சொன்னதுதான். நீங்க மெசினை எறக்குங்க.”

அவர் செருப்பைத் தேடினார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி ஒரு கட்டியை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். “டீச்சர், என்னோடதையும் சுடுங்க.” செங்கல் என்று நான் தூக்கிப் போடச் சொன்னவற்றையெல்லாம் இவர்கள் போடவே இல்லை, பைக்குள் சேர்த்திருக்கிறார்கள்! ஆளுக்கொன்றாக மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு துண்டு நாறியது. “எலும்பு!” என்று கத்தினார்கள். அடுத்தது நாறவில்லை. “கல்லு!” அதற்கடுத்தது, கல்லுக்குள் கல்லாகவே பதிந்த ஒரு சிப்பி. துளி நாற்றம் இல்லை.

“அப்ப இது அந்தக் காலத்துதா டீச்சர்?”

“இருக்கலாம். எனக்குத் தெரியலை. தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டாத்தான் சொல்ல முடியும்” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

தாளாளர் போகவில்லை. சிப்பிக் கல்லை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்து முகர்ந்தார். “இங்கிட்டு வாம்மா, அந்த வெள்ளையா இருக்கே, அதச் சுடு” என்றார். பிறகு இன்னொன்றைக் காட்டினார். வகுப்பு முழுக்கப் புகை. பக்கத்து வகுப்பு டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்று, “என்னங்க இது, புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க!” என்று சத்தம் போட்டார்.

தாளாளர் தலைமையாசிரியையைப் பார்த்தார்.

“தையல் மெசினை வராந்தாவுல போட்டுக்கலாம்மா. இந்த நாத்தத்தை நடுவுல வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. கோடி ரூமு சாவிய டீச்சரம்மாகிட்டக் குடுத்துருங்க.”