கோல் மலிந்த குளிர்காலம்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் காலுறையைக் கழற்றிக் குசினியில் உதறினால் நிலமெல்லாம் கறுப்பு மணிகள் சிந்தும். முதல் தடவை என் மனைவி சுகந்தி கடுகுப் போத்தல் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, கூட்டி அள்ளி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பழைய கார் ரயரை அரைத்த தூள் என்று சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குப்பையில் கொட்டினாள். மொன்றியலில் குளிர்காலத்தில் உதைபந்து விளையாடும் மண்டபங்களில் பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்து, மண்ணுக்குப் பதிலாக இந்த ரயர்த்தூளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே காது விறைத்து விழுகிற குளிர். உள்ளே நாற்பது கடந்த ஆண்கள் அரைக்காற்சட்டையோடு வியர்த்து மூச்சு வாங்குகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்த விளையாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மைதானம் கலியாண மண்டபத்தை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். சுற்றிவர இடுப்பளவுக்குப் பலகைச் சுவர். பந்து வெளியே போகாது. சுவரில் பட்டுத் திரும்பி வரும். குறி தவறி அடித்தவனுக்கும் சுவர் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும், அதிலும் தவறினால் மற்றச் சுவர் கொடுக்கும். ஆகவே கோல்கள் மழையாகக் கொட்டும். பன்னிரண்டுக்குப் பத்து, பதினாலுக்குப் பதினொன்று என்றுதான் ஆட்டங்கள் முடியும். சில நாட்களில் கோல் எண்ணுகிற பிள்ளைக்கே கணக்குத் தவறிவிடும். அப்போது இரண்டு அணித் தலைவர்களும் மேசைக்குப் போய் மீன் சந்தையில் நிற்பவர்களைப் போலப் பேரம் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள்.

டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் என்னோடு வேலை செய்யும் மார்ஸெல், ஹெயிற்றிக்காரன், ஒரு திங்கட்கிழமை ஆட்டம் என்ன ஆனது என்று கேட்டான். பதின்மூன்றுக்குப் பதினொன்று, தோற்றுவிட்டோம் என்றேன். கூடைப்பந்தா என்று கேட்டான். உதைபந்து என்றதும் சிறிது யோசித்துவிட்டு, பாவம், உங்கள் கோல் காப்பாளர் அன்றைக்கு வரவில்லைப் போலிருக்கிறது என்று பிரெஞ்சில் ஆறுதல் சொன்னான். கோல் காப்பாளர் நான்தான் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை.

நான் திருகோணமலைக்காரன். விளையாடியது கடலோரத்து மைதானத்தில். அதை உயர்த்திப் பேச எனக்கு விருப்பமில்லை. அதில் மாட்டுச் சாணமும் இருந்தது, போத்தல் ஓடும் இருந்தது. ஆனால் அங்கே ஒரு கோல் என்றால் ஒரு கோல். அதை அடித்தவன் அடுத்த வருடம் வரை தேத்தண்ணிக்கடையில் கதாநாயகன். அதை விட்டவன் அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு தெருவால் வீட்டுக்குப் போவான். இங்கே ஒருவன் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்துவிட்டு, கார் தரிப்பிடத்துக்கு வந்து சேர்வதற்குள் அதில் மூன்றை மறந்துவிடுகிறான்.

தோற்றுவிட்டோம் என்று, எங்கள் அணி போலச் சொன்னேன். உண்மையில் அது என்னுடைய அணி இல்லை. சுகந்தியின் ஊருடைய அணி. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அந்த ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் ஊர்ச் சங்கத்தில் இருந்து மூன்று பேர் தொலைபேசி எடுப்பார்கள், அதில் இரண்டு பேர் தலைவர்களாக இருப்பார்கள். அந்த ஊரை நான் கலியாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். சுகந்தியின் தமையன் குகன்தான் அணியின் முகாமையாளர். அவர் என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் எளிமையானது. அந்த ஊரில் பிறந்த ஒருவருக்கும் கோலுக்குள் நிற்க விருப்பமில்லை. எல்லோருக்கும் கோல் அடிக்க வேண்டும், அடித்ததும் ஓரத்தில் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை நோக்கி ஓட வேண்டும். அவர்கள் அங்கே கையைத் தூக்கி நிற்கும்போது எதிரணி இந்தப் பக்கம் எனக்கு ஒன்று போட்டுவிடும். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பார்த்து, "என்ன மாப்பிள்ளை" என்பார்கள். அணியில் எனக்குப் பெயர் அதுதான். பிள்ளைக்கே மீசை அரும்பிவிட்டது, நான் இன்னும் அந்த ஊருக்கு மாப்பிள்ளை. என் பெயர் சிவபாலன் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அந்த மண்டபத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே மனிதர் மத்தியஸ்தர் ஜில். நரைத்த மீசை வைத்த கெபெக் மாகாணத்துக்காரர். லொங்குய் மண்டபத்தில் எங்கள் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான். தொடங்குமுன் படம் ஒட்டிய வீரர் அட்டைகளைப் பார்த்துப் பெயர்களை வாசிப்பார், "சிவபலான்" என்று கடைசியில் ஒரு இழுவையோடு. முடிந்ததும் வந்து கைகுலுக்கி, நல்ல ஆட்டம் என்பார். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னது நான் பதினாலு கோல் விட்ட நாள். நக்கலடிக்கிறார் என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், பதினாலு நல்லதில்லை, மிகவும் கெட்டது என்று அழுத்திச் சொன்னேன். அவர் நான் அழப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தோளில் தட்டி, "சே பா கிறாவ்" என்றார்.

பெரிய விஷயமில்லை என்று அர்த்தம். இந்த நாட்டில் ஒருநாளைக்குப் பத்துத் தடவை காதில் விழும் வசனம் இது. மகன் சின்னவனாக இருந்தபோது கார்தெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், அவனை இன்னொரு பிள்ளை கடித்துவிட்டது என்று போனால், பா கிறாவ். கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று போனால், பா கிறாவ். எதுவும் பெரிய விஷயமாக இல்லாத ஒரு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கைகுலுக்கலுக்காக நான் கொஞ்சம் மெதுவாகவே மைதானத்தை விட்டு வெளியேறுவேன்.

எப்படியோ இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். மற்ற அணிகளின் காப்பாளர்கள் என்னைவிட மோசம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் குகன் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார், ஹீற்றரைப் பற்றி விசாரித்தார். பிறகு ரொறன்ரோவில் நிரோஷ் என்று ஒரு பெடியன் இருக்கிறான், தகப்பன் எங்கள் ஊர், பெடியன் பல்கலைக்கழக அணிக்குக் கோல் காப்பாளர் என்று தொடங்கினார். எனக்கு விளங்கிவிட்டது. புதிதாக ஆள் பதிவதற்கான காலம் முடிந்துவிட்டதால், பதிந்த ஒருவரின் பெயரில்தான் அவன் இறங்க வேண்டும். காப்பாளரின் பெயரில்.

"மச்சான், ஒரு நாளைக்கு உங்கட அட்டையையும் சேர்ட்டையும் தாங்கோ. பெடியன் அங்கயிருந்து வெளிக்கிட்டிட்டான்" என்றார்.

ஆள் புறப்பட்ட பிறகுதான் கேள்வி வருகிறது. எங்கள் ஆட்களின் ஜனநாயகம் அவ்வளவுதான்.

எனக்கு ரூபனின் ஞாபகம் வந்தது. திருகோணமலையில் எங்கள் கழகம் ஓர் இறுதியாட்டத்துக்கு அவனை வேறொரு கழகத்தில் இருந்து இரவல் வாங்கி, வராத ஒருவனின் பெயரில் இறக்கியது. அது அங்கே வழக்கம்தான். நான் அன்று மாற்றுக் காப்பாளர், ஓரத்தில் இருந்தேன். இடைவேளை நேரம் இராணுவம் மைதானத்தைச் சுற்றி வளைத்தது. எங்கள் எல்லோரையும் எல்லைக் கோட்டில் இருத்தி, மத்தியஸ்தரின் மேசையில் கிடந்த பெயர்த்தாளை எடுத்து, அடையாள அட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். தாளில் இருந்த ஒரு பெயருக்கு ஆள் இல்லை. கோட்டில் இருந்த ரூபனுக்குத் தாளில் பெயர் இல்லை. உதைபந்துக்காக என்று எத்தனை பேர் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை, அவனை ட்ரக்கில் ஏற்றினார்கள். சில நாட்கள் கழித்து விடுதலை செய்தார்கள். உள்ளே நடந்ததை அவன் யாருக்கும் சொல்லவில்லை. மைதானத்துப் பக்கம் பிறகு வரவும் இல்லை.

இதைக் குகனுக்குச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இது கனடா மச்சான். இஞ்ச ஆர் பாக்கப்போறான்?" என்றார். சுகந்தி வெறுங்கோப்பைகளை எடுத்துக்கொண்டு போகையில், "ஒரு நாள்தானே, விடுங்கோவன். அண்ணை வாய்விட்டுக் கேக்கிறார்" என்றாள். கொடுத்துவிட்டேன்.

ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஞாயிறு நண்பகல் மஞ்சள் பாதைச் சுரங்க ரயில் எடுத்து லொங்குய்க்குப் போய், பார்வையாளர் வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். அணிக்கு ஆதரவு கொடுக்கப் போனேன் என்று சொன்னால் பொய். ஜில் கண்டுபிடிக்க வேண்டும் என்று போனேன். குளிர்காலம் முழுவதும் என் கையைப் பிடித்துக் குலுக்கிய மனிதர், இவன் சிவபாலன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதனால் எங்கள் அணி இறுதியாட்டத்தை இழந்தாலும் எனக்குக் கவலையில்லை. குகனுக்குக் காட்டுவதற்கு ஒரு துக்க முகம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

நிரோஷுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். எனக்கிருக்கும் தாடி அவனுக்கு இல்லை, என்னைவிட ஒரு சாண் உயரம். எனக்கு வயிற்றில் இறுகும் என் சட்டை அவனுக்குக் காற்றில் ஆடியது. முதுகில் என் இலக்கம். ஜில் அட்டையை வாங்கினார். அட்டையைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். "சிவபலான்" என்றார். அவன் கையைத் தூக்கினான். ஜில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். பெடியன் அற்புதமாக விளையாடினான். சுவரில் பட்டு வரும் பந்து எங்கே வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பாய்ந்து, மடக்கி, விரல்நுனியால் தட்டி, ஒன்றைத் தவிர வேறெதையும் உள்ளே விடவில்லை. எதிரணிக் காப்பாளருக்கும் அதைப் பார்த்து ரோசம் வந்துவிட்டது. இடைவேளைக்கு ஒன்றுக்கு ஒன்று. முழுக் குளிர்காலமும் நான் ஏங்கிக்கொண்டிருந்த ஆட்டம் இதுதான். ஒவ்வொரு பந்துக்கும் நெஞ்சு அடித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஊர்ச்சங்கத்துக்காரர் கொட்டாவி விட்டார். "என்ன மாட்ச் இது, ஒரு கோலும் விழுதில்லை" என்று சலித்துக்கொண்டு சமோசா வாங்கப் போனார்.

குகன் ஓரத்தில் நின்று எல்லோருக்கும் கட்டளை போட்டிருந்தார்: வாய் தவறியும் நிரோஷ் என்று கூப்பிடக் கூடாது, அட்டையில் இருக்கிற சிவாதான். எனவே அவன் ஒவ்வொரு தடவை பந்தைப் பிடித்தபோதும் அணி முழுவதும் "சிவா, சிவா" என்று கத்தியது. வரிசைகளில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுகந்தியின் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்காதவர், கைதட்டித் தட்டிக் கத்தினார். அந்த ஊரின் வாயில் இருந்து என் பெயர் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது. நான் அவர்களுக்குப் பின்வரிசையில், கோட்டின் கழுத்துப்பட்டியை உயர்த்திவிட்டு இருந்தேன்.

இரண்டுக்கு ஒன்று, வென்றுவிட்டோம். கிண்ணத்தோடு படம் எடுத்தார்கள். நிரோஷ் வரிசைப் பக்கம் வந்து, "தாங்க்ஸ் அங்கிள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையசைத்தான். நல்ல பெடியன். நானாவது அந்த ஊரை ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அவன் அதுவும் இல்லையாம்.

யாரும் பேசுவதற்குமுன் போய்விட வேண்டும் என்று வாசலுக்கு நடந்தேன். அங்கே ஜில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னைக் கண்டார். கண்டதும் முகம் மலர்ந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: இந்த மண்டபத்தில் இப்படி ஒரு காப்பாளரை நான் பார்த்ததில்லை, சிவபலான், இவ்வளவு நாளும் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?

அது நான் இல்லை என்று பிரெஞ்சில் சொல்வதற்கு மூன்று சொல் போதும். அந்த மூன்றும் எனக்குத் தெரியும். என் வாயில் இருந்து வந்ததோ "மெர்சி", நன்றி என்ற சொல். வந்ததோடு நில்லாமல் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உண்மையான சந்தோஷம். இத்தனை பேரையும் ஏளனம் செய்துகொண்டு வந்த எனக்கு, என்னைவிட ஏளனத்துக்குரிய ஒருவன் அந்த மண்டபத்தில் இல்லை என்று பட்டது.

அவர் இன்னும் கையை விடவில்லை. பின்னால் இருந்து குகன் கூப்பிட்டார்: "மாப்பிள்ளை, நில்லுங்கோ. பெடியனைப் பஸ்ஸுக்கு விடவேணும், நீங்களும் கூட வாங்கோ."

எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்று, நான் இருவருக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.