கேட்டின் ஆடுது

கைருன்னிஸாவின் வீட்டில் அவளுடைய புருஷன் அபூசாலி கையால் செய்தது ஒன்றே ஒன்றுதான். வீடு அவளுக்குச் சீதனமாக வாப்பா பக்கீர் முகைதீன் கட்டிக் கொடுத்தது. கல்முனைக்குடியில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவான்! கட்டில், அலுமாரி, கிணற்றுக் கப்பி எல்லாமே வாப்பா வாங்கிப் போட்டவை. புடைவைக் கடையில் சீலை அளந்துகொண்டிருந்த அபூசாலிக்கு அது மனதில் உறுத்தியிருக்க வேண்டும். கலியாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, முன்மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலிருந்த வாசலுக்கு மேலே சுவரில் மர ஆப்பு வைத்து இரண்டு கொளுக்கி அடித்து, கம்பி மாட்டி, நீலப் பூப்போட்ட கேட்டின் சீலையைத் திரையாகத் தொங்கவிட்டான்.

"எப்படிகா?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆடுது மச்சான்," என்றாள் அவள்.

ஆடத்தான் செய்தது. கடல் மண்ணும் சுண்ணாம்பும் கலந்து பூசின சுவர். உப்புக்காற்றில் தொட்டாலே சொரியும். திரும்ப அடிக்கிறேன் என்றவன், அதற்குள் விசா வந்து சவூதிக்குப் பறந்துவிட்டான்.

அந்தக் காலத்தில் சவூதிக்காரருக்கு வீட்டார் கசட்டில் கதைத்துப் பதிந்து அனுப்புவார்கள். ஊருக்கு வந்து திரும்புகிற யாராவது கொண்டுபோவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் புருஷனோடு பெண்சாதி கதைக்கிற கதையை வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டால் அவள் எதைத்தான் கதைப்பாள்? முதல் கசட்டில் வாப்பா ஸலாம் சொன்னார், தங்கச்சி சுபைறா சாமான் கேட்டாள், பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா தன் மூட்டு வலியைச் சொன்னாள். கைருன்னிஸாவின் முறை வந்தபோது நெஞ்சு முட்ட இருந்தது, வாய்தான் வரவில்லை. கண் முன்னே தெரிந்ததைச் சொன்னாள்.

"கேட்டின் ஆடுது, மச்சான்."

பதில் கசட்டில் அபூசாலி, "அதில ஆரையும் கை வைக்க உடாத, கைரு. நான் வந்துதான் அடிப்பன்," என்றான். அங்கேயும் அறை நிறைய ஆட்கள் இருந்து கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும்! அவளுக்கு விளங்கியது. அன்றிலிருந்து போன கசட் எல்லாவற்றிலும் கேட்டின் ஆடியது. வந்த கசட் எல்லாவற்றிலும் அவன் வந்து அடிப்பதாக இருந்தான்.

ஆனால் வரவில்லை. முதல் ஒப்பந்தம் முடிகிற நேரம் வாப்பாவே கசட்டில் கெஞ்சினார். சுபைறாவும் கலியாண வயதுக் குமர், சவூதிக் காசில் அவளுக்கும் ஒரு வீடு எழும்பாமல் மாப்பிள்ளை எடுக்க முடியாது. "இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்க மருமகன்." அபூசாலி நின்றான். கைருன்னிஸா கம்பியைக் கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டு, சொரிந்த மண்ணைத் தினமும் கூட்டினாள். தச்சு வேலைக்கு ஓடாவியைக் கூப்பிடவா என்று வாப்பா கேட்கும்போதெல்லாம், "வேணா வாப்பா, அவர் வந்து அடிப்பாரு," என்று தடுத்தாள். கிறுக்கி என்று ஆயிஷா உம்மா பகிடி பண்ணினாள்.

பிறகு சுபைறாவுக்குச் சம்பந்தம் பேச நிந்தவூரிலிருந்து ஆம்பிளைகள் வந்தார்கள். பெண்கள் கேட்டினுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். கிண்ணத்தட்டை நீட்டிய ஆயிஷா உம்மாவின் முழங்கை சீலையில் பட்டது, அவ்வளவுதான். கம்பியும் கொளுக்கியும் கைப்பிடி மண்ணுமாகக் கேட்டின் தரைக்கு வந்துவிட்டது. சுபைறா பேயறைந்தவளாக நின்றாள். மாப்பிள்ளையின் பெரியவாப்பா சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அல்லாஹ் காட்டிட்டான், நாங்க என்ன செய்யிற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தம் கெடவில்லை. ஆனாலும் வாப்பாவுக்கு மானம் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே பாண்டிருப்பிலிருந்து குணம் ஓடாவி வந்தார். இந்த முறை கைருன்னிஸா தடுக்கவில்லை; எந்த முகத்தோடு தடுப்பாள்? அவர் பழைய ஆப்பை இழுத்தார், விரலோடு வந்தது.

"காக்கா, இது முருங்கைத் தடியல்லோ! முருங்கை பெருத்தாலும் தூணுக்கு ஆகுமா? இத வச்சு ஆர் அடிச்ச?" என்று வாப்பாவைக் கேட்டார்.

"எங்கட மருமகன்," என்றார் வாப்பா.

குணம் சிரித்துக்கொண்டே சுவரைக் கொத்தி, உதிரி மண்ணைத் தட்டி எடுத்து, காய்ந்த முதிரை மரத்தில் ஆப்புச் சீவி இறுக்கினார். சுற்றிச் சீமெந்து வைத்துக் காயவிட்டு, அடுத்த நாள் வந்து திருகாணி முடுக்கினார். "தங்கச்சி, இனித் தொங்கிப் பாருங்க," என்றார். அவள் இழுத்துப் பார்த்தாள். அசையவே இல்லை. முருங்கை ஆப்புகளைக் குப்பையில் போட மனம் வராமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷன் திரும்பவும் ஒரு முறை பயணம் போனதுபோல அவளுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை அசர் தொழுத பிறகு கசட் பிடித்தார்கள். வாப்பா சம்பந்தம் சரிவந்ததைச் சொல்லி, வீட்டுக்கு இன்னும் கூரை வேலை கிடக்கிறதென்று சொல்லி, இன்னும் ஒரு முறை நிற்கச் சொன்னார். கைருன்னிஸாவின் முறை வந்தது. கேட்டின் என்று வாயெடுத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அது கல்லாக நின்றது. பொய் சொல்லவும் வழியில்லை, வீடே கேட்டுக்கொண்டிருக்கிறது.

"கேட்டின இறுக்கியாச்சி, மச்சான். இனி அது ஆடாது."

நாடா சும்மா ஓடியது. சுபைறா நிறுத்தப் போனாள்.

"நான்தான் ஆடிப்போய்க் கிடக்கன். போதும் மச்சான், வாங்க. எனக்கிட்ட நீங்க வாங்க."

வாப்பா நிலத்தைப் பார்த்தபடி, "அந்தத் துண்ட அழிச்சிட்டுத் திரும்பப் பிடிப்பம்," என்று ரேடியோப் பக்கம் கையை நீட்டினார்.

சுபைறா கசட்டை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணா வாப்பா. இப்படியே போகட்டும். என்ட ஊட்டுக்கு அவசரமில்ல, ஆறுதலா எழும்பட்டும்."