விழுந்த கையுறையை எடுத்தவன்

கீழே ஏதாவது விழுந்தால் எடுக்காமல் இருக்கத் தெரியாத முட்டாள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பாசாரில் ஒரு பெண்மணி வேண்டாமென்று கிள்ளிப் போட்ட கீரைக் காம்பைப் பொறுக்கிக்கொண்டு, "அக்கா, உங்களோடது..." என்று அவர் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் மணமக்கள் மேல் தூவிய அட்சதையை... ஆமாம், குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

இந்த வியாதியுள்ளவன் எங்கே போகக் கூடாது? பொருள்களை வேண்டுமென்றே கீழே போடுவதையே கலையாக வைத்திருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது.

நான் அங்கேதான் போய்ச் சேர்ந்தேன். தொண்டனாக.

பர்லெஸ்க். பெயரைக் கேட்டதும் பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். மடித்து வைத்துவிட்டு, வீட்டில் ஆளில்லாத நேரம் எடுத்துப் படிக்கவும் வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை. ஒய்யாரமும் கேலியும் கலந்த மேடை ஆட்டம் அது. பட்டுக் கையுறையை விரல் விரலாக உருவி வீசுவார்கள். தொப்பியை வீசுவார்கள், சால்வையை வீசுவார்கள். எங்கள் ஊர்க் குழுவில் அதோடு சரி. உள்ளே கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை. சிடுசிடு முதலாளி, சீர்வரிசை கேட்கும் சம்பந்தி, சிவப்பழகு கிரீம்... எல்லாருடைய மானமும் அந்த மேடையில் போகும்.

"நம்ம மேல மாட்டி விட்டதத்தான் அங்கிள் கழட்டுறோம்" என்றாள் ரேணுகா. பல் டாக்டர். வாரம் முழுக்க மற்றவர்கள் பல்லைப் பிடுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் எங்களிடம் மாட்டிக்கொள்வாள். குழுவை நடத்துபவள் அவள்தான். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது. அங்கே யாரும் யாரையும் நடத்துவதில்லையாம்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடிதான் எங்கள் இடம். கீழே மிஸ்டர் லிம்மின் காப்பிக் கடை. மேலே நாங்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது. சுவரில் இரண்டு வரிகளைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். 'எல்லாருக்கும் சமமான இடம்.' அதன் பக்கத்திலேயே, 'அடுத்த வருடமும் இருப்போம்.'

முதல் வரிக்குப் பொருள், ஆள் தேர்வு கிடையாது. ஒல்லி, குண்டு, கறுப்பு, கிழடு... கையைத் தூக்கியவர்களுக்கெல்லாம் முறை வைத்து மேடை. இரண்டாவது வரிக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் எழுதுகிறபோது இரண்டும் நல்ல பிள்ளைகளாகத்தான் தெரிந்தன. ஒரு நாள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

கூட்டம் என்றால் எல்லாரும் வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். ஒரு மரக்கரண்டி கை மாறி வரும். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். என் கைக்கு வந்தால் பக்கத்திலிருப்பவர் பிடுங்கும் வரை பேசுவேன். எழுதுகிறவன் இல்லையா? கோகிலாவின் கைக்கு வந்தால் மட்டும் கரண்டி நிற்காது. சுடுகிற பாத்திரத்தைப் போல அடுத்த கைக்குப் போய்விடும்.

கோகிலா கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி வருபவர். வயது நாற்பதுக்கு மேல். மாக் மண்டினில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு கையுறையிலும் காற்றைப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க. குழுவில் சேர்ந்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் மற்றவர்கள் உடையில் குஞ்சம் தைத்தார், தேநீர் போட்டார், நாற்காலி மடக்கினார். முறை வராமல் இல்லை. ஒரு தடவை ஓவர்டைம் என்று போகவில்லை. இன்னொரு தடவை கல்லூரிப் பெண் ஒருத்தி, அன்றைக்குத்தான் தன் அம்மா ஊரிலிருந்து வருகிறார் என்று அழுதாள். "நீ ஆடும்மா" என்று கொடுத்துவிட்டார்.

போன மாதம் மறுபடி முறை வந்தது. இம்முறை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒத்திகையையும் யாருக்கும் காட்டவில்லை.

"என்ன ஆட்டம் கோகிலா?"

"வந்து பாருங்கண்ணே" என்றார். கண்ணில் ஒரு குறும்பு. அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி என் வேலை. ஆடுபவர் வீசியதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். இந்தக் கலையில் அந்த ஆளுக்குப் பூனைக்குட்டி என்று பெயர். அறுபதை நெருங்கும் எனக்குப் பூனைக் காது மாட்டிவிட்டார்கள். தொப்பைக்கும் அந்தக் காதுக்கும் என்ன பொருத்தம் என்று கேட்காதீர்கள். என் மனைவி கேட்டுவிட்டாள்.

பூனைக்குட்டிக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஆடுபவர் உள்ளே போய், விளக்கு மங்கிய பிறகே மேடைக்கு வர வேண்டும். ரேணுகா இதைக் கூட்டத்தில் தெளிவாகச் சொன்னாளாம். அந்த நேரம் நான் யாருடைய கொண்டை ஊசியையோ தேடித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலை. நாற்காலிகள் பாதிதான் நிறைந்திருந்தன. கோகிலா மேடைக்கு வந்தார். தொழிற்சாலையின் வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். கையில் ரப்பர் கையுறை. கூட்டம் லேசாகச் சிரித்தது. அவர் விரல் நுனியைப் பல்லால் கவ்வினார், அரச குடும்பத்துப் பெண்கள் பட்டுக் கையுறையைக் கவ்வுவது போல. மெல்ல இழுத்தார். 'டப்' என்று உருவி, அதில் காற்றைப் பிடித்து, விளக்கில் தூக்கி ஓட்டை பார்த்து, திருப்தியில்லாத முகத்தோடு தோளுக்குப் பின்னால் வீசினார்.

உள்ளே இன்னொரு கையுறை. நீலம்.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும்தான். இரண்டு வருடம் தேநீர் கொடுத்த பெண்ணா இது? இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நிறுத்தினார் பாருங்கள்... ஆனால் என் கண் எங்கே இருந்தது? தரையில். ரப்பர் கையுறை, அதில் மாவு வேறு. மிதித்தால் வழுக்குமே. விழுந்துவிட்டால்?

போய்விட்டேன். பூனைக் காதோடு, குனிந்தபடி, யாருக்கும் தெரியக் கூடாது என்று பதுங்கிப் பதுங்கி. அரங்கம் வெடித்தது.

கோகிலா நிறுத்தவில்லை. நீலத்தை உருவி வீசினார். உள்ளே மஞ்சள். நான் நீலத்தையும் எடுத்தேன். இன்னும் பெரிய சிரிப்பு. இதுவரை நடந்தது முட்டாள்தனம். அதற்கு மன்னிப்பு உண்டு. மூன்றாவது கையுறை விழுந்தபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் குனிந்தேன். சிரிப்பு என்கிற பொருளும் கீழே விழுந்து கிடந்தது... எடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கையுறைகளைச் சட்டைப் பையில் திணித்தேன். விரல்களெல்லாம் சேவல் கொண்டை போல வெளியே ஆடின. மக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது கோகிலா கடைசிக் கையுறையையும் கழற்றிவிட்டார். வெறும் கையை விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக உயர்த்தினார். ஆட்டம் முழுக்க அந்தக் கைக்காகத்தான். நாளெல்லாம் ரப்பருக்குள் வியர்த்து ஊறி வெளுத்துப்போன கை. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, உள்ளங்கையில் சிவப்பு வெடிப்புகள். அந்த இடத்தில் அரங்கம் அமைதியாக வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். எனக்கு நிச்சயம் தெரியும், ஏனென்றால் கையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் காத்துக்கொண்டே நின்றார்.

அமைதி வரவில்லை. எல்லாரும் என் சட்டைப் பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். வணங்கினார். உள்ளே போனார்.

விளக்கு மங்கியது. சட்டப்படி நான் மேடைக்கு வர வேண்டிய நேரம் அது. எடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

பிறகு என்னோடு செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. யாரோ பிடித்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதில் நான் முழுசாக இருக்கிறேன். கோகிலாவின் தோள் மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

மிஸ்டர் லிம்மும் பார்த்துவிட்டார். மேல்மாடியை அறை அறையாகத் தடுத்துச் சுற்றுப்பயணிகளுக்கு விடப்போவதாக ரேணுகாவிடம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் அவர். இப்போது படியேறி வந்து என் முதுகில் தட்டினார். "தட் கேட் அங்கிள், எவ்ரி மந்த்" என்றார். அந்த ஆட்டம் மாதாமாதம் நடந்தால் கீழே காப்பிக் கடையிலும் கூட்டம் கூடும், மேல்மாடி எங்களுக்கே. இல்லாவிட்டால் வருடக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

கூட்டம் கூடியது. வட்டம். கரண்டி. நான் முதல் ஆளாக வாங்கி, "நான் விலகிக்கிறேன். இது கோகிலாவோட ஆட்டம்" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

ரேணுகா கரண்டியை வாங்கிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "அங்கிள், நீங்க போனா இந்த எடம் போயிடும். இந்த எடம் போனா இங்க இருக்கிற யாருக்கும் மேடையே இல்ல. சமமா எல்லாரும் வீட்ல உக்காந்திருக்க வேண்டியதுதான்."

பிறகு ஒருவர் மென்மையாகச் சொன்னார், கோகிலா அக்காதான் முடிவு செய்ய வேண்டும் என்று. எல்லார் முகத்திலும் நிம்மதி. ஆமாம், அதுதான் நியாயம், அக்காவின் விருப்பம்தான்.

நல்லவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவரிடம் 'உன் விருப்பம்' என்று சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த இடத்தில் எல்லாம் இருக்கும், விருப்பம் மட்டும் இருக்காது. தூக்க முடியாத சுமையை, ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருப்பவர் தலையில்தான் வைப்போம். வைத்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயரும் வைப்போம். முப்பது பேர் இடத்தையும் கையில் கொடுத்துவிட்டு, "வேணாம்னா சொல்லிடுங்க அக்கா" என்றால், அந்தப் பெண் எப்படிச் சொல்வார்?

அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கரண்டி கோகிலாவின் கையில் நின்றது.

"எடம் வேணும்லா. செய்யுங்க" என்றார். "கிளவ்ஸ் நான் கொண்டாந்து தரேன். ஆட்டத்துக்கு மட்டும் வேற ஆளப் பாருங்க."

கரண்டி அடுத்த கைக்குப் போனது.

போன ஞாயிறு அரங்கம் நிரம்பி வழிந்தது. கோகிலாவின் ஆட்டத்தை ஆடியது அந்தக் கல்லூரிப் பெண். துடியான ஆட்டம்தான், குறை சொல்ல முடியாது. கோகிலா திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றார். நான் அவர் பக்கத்தில், பூனைக் காதோடு.

முதல் கையுறை விழுந்தது. நான் அசையவில்லை. இன்றைக்கு ஒரு நாளாவது எடுக்காமல் இருந்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவதும் விழுந்தது. கூட்டத்தில் யாரோ 'மியாவ்' என்றார்கள். பின்வரிசையிலிருந்து இன்னொரு மியாவ். அப்புறம் அரங்கமே மியாவ். எதிர்ப்பக்கத்திலிருந்து ரேணுகா என்னையே பார்த்தாள், மேடைக்குக் கீழே மிஸ்டர் லிம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் கால்...

"போங்கண்ணே" என்றார் கோகிலா.

குரலில் கோபம் இல்லை. நாற்காலி மடக்கச் சொல்வது போலத்தான் இருந்தது. போனேன். எடுத்தேன். சிரித்தார்கள்.

கடைசியில் அந்தப் பெண்ணும் வெறும் கையை உயர்த்தினாள். மழமழவென்று, மோதிரம் போட்ட, அழகான கை. அதில் பார்க்க ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது ஏதோ இருந்தது என்று அரங்கத்தில் யாருக்கும் தெரியவும் இல்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த வருடமும் இருப்போம். நிச்சயமாக இருப்போம். இருக்கப்போவது என்ன என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து கோகிலாவோடு ஃபெர்ரி வரை நடந்தேன். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினேன். மழை, பெட்ரோல், பாலிக் புலாவ் டுரியான் பழம் இந்த வருடம் சுவையில்லை என்பது வரை. பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை. அவர் "ம்" கொட்டிக்கொண்டே வந்தார். பையில் அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்த குஞ்சம், ஊசி, நூல்.

நுழைவாயில் வந்துவிட்டது. உள்ளே போகத் திரும்பினார். இனியும் சொல்லாவிட்டால் எப்போது?

"கோகிலா, அன்னைக்கு ஒன் கைய யாருமே பாக்கலன்னு நெனைச்சுக்காதம்மா. நான் பார்த்தேன். பக்கத்துலதான் நின்னேன். நல்லா பார்த்தேன்."

அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"நீங்க ஒருத்தர் பாக்கவாண்ணே ஆடுனேன்?"