வெறும் மண் வட்டம்

பல்கலைக்கழகத்தில் இயற்கை வேளாண்மை படித்தபோது எனக்கு அடுத்த பாத்தி அவளுடையது. ஏழாயிரம்பண்ணைப் பெண். ஒல்லியான உடம்பு, எப்போதும் மண் ஏறிய நகங்கள். எங்கே உட்கார்ந்தாலும் சுற்றியுள்ள புல்லை வேரோடு பிடுங்கிக்கொண்டேதான் பேசுவாள். எழுந்து போனால் அங்கே வட்டமாக வெறும் மண் கிடக்கும்.

மண்ணை ஒருபோதும் மூடாமல் விடக்கூடாது என்பதுதான் எங்கள் முதல் பாடம். பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கு போட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், “பாடத்துக்கு நேர்மாறா இதென்ன பழக்கம்?” என்று கேட்டேன்.

“பட்டாசு கம்பெனியில எங்கம்மாவுக்கு இதான் வேலை. மருந்து ரூமைச் சுத்திப் புல்லு கெடந்தா தீ தாவிரும்ல. லீவுல அவகூடப் போயிப் போயி எனக்கும் கை பழகிருச்சு.”

“இப்பவும் போறாங்களா?”

அவள் தலை நிமிரவில்லை. “ரூம் வெடிச்சு அவ போன அன்னைக்கும் அங்கன ஒத்தப் புல்லு இல்ல. அம்புட்டுச் சுத்தமா வச்சிருந்தா.”

செய்முறைத் தேர்வன்று அவள் பாத்திதான் எல்லாவற்றிலும் செழிப்பாக இருந்தது. நடுவில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெறும் மண். தேர்வாளர் காரணம் கேட்டார்.

“வைக்கோல் பத்தலை சார்.”

அவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு நகர்ந்தார். பிரிக்காத வைக்கோல் கட்டு ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. நான் அதைப் பார்க்காததுபோல நின்றேன்.